ஒன்றரை மில்லி இடைவெளி

லேத் பட்டறையில் தொழில் கற்றவனுக்கு லூஸ் ஃபிட்டிங் என்றாலே எரிச்சல் வரும். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஒரு முடியளவு ஆட்டம் இருந்தால் ஃபோர்மேன் வேலையைத் திருப்பி எறிந்துவிடுவார். அந்தக் கண்ணோடுதான் நான் ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியைப் பார்க்கிறேன். 1720களில் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கும் மேல் பிரிட்டிஷ் காலாட்படை சுமந்தது இதைத்தான். குழலின் உள்விட்டம் முக்கால் அங்குலம். உள்ளே போகும் ஈயக்குண்டோ சுமார் 0.69 அங்குலம். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி! எங்கள் பட்டறையில் அது நேராக ஸ்கிராப்புக்குப் போயிருக்கும்.

ஆனால் அது தெரிந்தே விட்ட இடைவெளி. கருமருந்து முழுதும் புகையாகிப் போய்விடாது. எரிந்ததில் பாதிக்கு மேல் திடக் கசடுதான். அதில் ஒரு பங்கு குழலுக்குள்ளேயே அப்பிக்கொள்ளும். குண்டு இறுக்கமாக இருந்தால் சில வேட்டுகளுக்குப் பிறகு கம்பியால் எவ்வளவு குத்தினாலும் இறங்காது. சிப்பாய் காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, பக்கவாட்டுக் கிண்ணியில் சிட்டிகை மருந்து போட்டு மூடி, மீதியைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் இடித்து இறக்கியாக வேண்டும். பிறகுதான் விசையை இழுப்பான்; சுத்தி கவ்வியிருக்கும் சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி பறக்கும். நல்ல பயிற்சி இருந்தால் நிமிடத்துக்கு மூன்று வேட்டு.

வேகத்துக்குக் கொடுத்த விலை, குறி. தளர்ந்த குண்டு குழலுக்குள் இங்குமங்கும் மோதி, கடைசியாக மோதிய பக்கத்துக்கு ஏற்றபடி திசைமாறிப் போகும். நூறு கஜத்துக்கு அப்பால் ஒற்றை ஆளைக் குறிபார்த்து அடிப்பது அதிர்ஷ்டம். அதனால்தான் தோளோடு தோள் நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள். சினிமாவில் அந்த வரிசையைப் பார்த்து ‘முட்டாள்கள்’ என்று சிரிப்பவர்களிடம் நான் இந்த ஒன்றரை மில்லியைத்தான் சொல்வேன்.

இதன் ‘இந்தியா பேட்டர்ன்’ வகை கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்காகச் செய்யவைத்தது. 39 அங்குலக் குழல், செலவும் குறைவு. பிரெஞ்சுப் போரில் துப்பாக்கி போதாமல் திணறிய பிரிட்டிஷ் அரசு, 1797இல் அதையே தன் படைக்கும் எடுத்துக்கொண்டது.

சுத்தியும் எஃகுத் தகடும் அடங்கிய ‘லாக்’கின் பாகங்களையெல்லாம் அப்போது ஒவ்வொன்றாக அரம் போட்டுத்தான் சேர்த்தார்கள். ஒன்றின் ஸ்பிரிங் இன்னொன்றில் உட்காராது. பிரான்சில் ஓனோரே பிளாங்க் இதை மாற்றிக் காட்டினார். 1785இல் அமெரிக்கத் தூதர் ஜெஃபர்சன் அவர் பட்டறையில் கழற்றி வைத்திருந்தவற்றிலிருந்து கைக்கு வந்த துண்டுகளை எடுத்துத் தானே சில லாக்குகளைப் பூட்டிப் பார்த்து, அத்தனையும் கச்சிதமாகப் பொருந்தியதாக அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார். என்னைக் கேட்டால், துப்பாக்கி வரலாற்றில் எந்தப் போரையும்விட அந்தப் பொருத்தம் பெரியது.

இடைவெளிப் பிரச்சினை தீர 1840களின் கடைசி வரை ஆயிற்று. மினியே என்பவர் செய்த குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது, அடிப்பக்கம் குழிவு. வெடித்ததும் வாயு அந்தக் குழிவை விரித்து, குண்டைக் குழலின் உட்புறச் சுழல் வரிகளில் இறுக்கிவிடும். இறங்கும்போது லூஸ், கிளம்பும்போது டைட். இப்படி யோசித்தவர் ஒரு டர்னராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பட்டாளத்துக் கேப்டனாம்.