செண்டுடுக்: நம் வேலியோரத்து இளஞ்சிவப்புப் பூ

செபராங் ஜெயா வட்டாரத்தில் மண்ணை வெட்டிச் சமன்படுத்திய காலிமனைகளில் விரைவில் தலைகாட்டும் புதர்களுள் ஒன்று செண்டுடுக். புக்கிட் மெர்தாஜாம் அடிவாரத்துச் செரோக் தோக்குன் காட்டோரத்திலும் இதைக் காணலாம். ஆலய வளாகங்களைத் துப்புரவு செய்யும்போது இதைக் களையென்று வெட்டிவிட்டு, வேலியோரம் செவ்வரளி நடுவது வழக்கமாகிவிட்டது. அதனால்தான் இச்செடியைப் பற்றி நான்கு வார்த்தை எழுத முற்பட்டேன்.

அன்பர்கள் முதலில் இலையைப் பார்க்க வேண்டும். கணுவுக்கு இரண்டு இலைகள், எதிரெதிராக. தொட்டால் சொரசொரக்கும். இலவங்கப்பட்டை மரத்தின் இலையைப் போல மூன்று பெரிய நரம்புகள் அடியிலிருந்து நுனிவரை ஓடும். அரளிக்கோ கணுவுக்குப் பெரும்பாலும் மூன்று இலைகள். ஒவ்வொன்றிலும் ஒரே நடுநரம்பு.

பூவின் அமைப்பு வியப்புக்குரியது. ஐந்து இதழ்கள், பத்து மகரந்தத் தாள்கள். அவற்றில் ஐந்து குட்டையாக மஞ்சள் நிறத்திலும், ஐந்து நீண்டு வளைந்து ஊதா நிறத்திலும் இருக்கும். இப்பூவில் தேன் இல்லை. வண்டுக்குக் கிடைப்பது மகரந்தம் மட்டுமே. கருவண்டு வந்து உடலை அதிர்த்து ரீங்காரமிட்டால்தான் தாளின் நுனித்துளை வழியே மகரந்தம் கொட்டும். மஞ்சள் தாள்கள் அதற்கு உணவு தர, ஊதாத் தாள்களின் மகரந்தம் அதன் உடலில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. விருந்துக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று!

பூ ஒருநாள் வாழ்வுடையது. மாலை தொடுக்க நிற்காது. சன்னிதிக்கு அது வராததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

காய் முற்றி வெடித்தால் உள்ளே கருஊதாச் சதை. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு நாக்கு கறுத்த நினைவு இருக்கும். 1753-இல் லின்னேயஸ் வெளியிட்ட நூலில் இதற்கு 'மெலஸ்டோமா மலபாத்ரிகம்' என்று பெயர். மெலஸ்டோமா என்றால் கிரேக்கத்தில் 'கரிய வாய்'.

புளிப்பேறிய செம்மண்ணில் அலுமினியம் கரைந்து பல பயிர்களின் வேரைக் கெடுக்கும். செண்டுடுக் அதை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொண்டு செழிக்கிறது. ஒரு கிலோ உலர்ந்த இலையில் ஏறத்தாழ 10 கிராம் அலுமினியம் இருக்கக்கூடும். ஆகவே இலையைக் கஷாயமாக்கும் பழக்கத்தை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

அரளியின் இலை, பூ, தண்டு, வேர் யாவும் நஞ்சு. பூஜைக்கு அரளி வேண்டுமென்றால் உயரத்திலோ கம்பிவேலிக்குள்ளோ இருக்கட்டும். பிள்ளைகள் ஓடியாடும் பக்கத்தில் செண்டுடுக் தானாக முளைத்திருந்தால், இரண்டு புதர்களையாவது விட்டுவையுங்கள்; பழம் தின்ன சின்னான் குருவிகளும் வரும்.