நட்சத்திரக் குறியை விரிப்பவர் யார்?

ஓசூரை அடுத்துள்ள எங்கள் சானமாவிலிருந்து தொழிற்சாலை வேலைக்குச் செல்வோர் பலர். காட்டோரம் யானைக் கூட்டம் நிற்கும் நாளில், “சானமாவுக்காரர் எல்லோரும் முன்னதாகப் புறப்படலாம்” என்று மேலாளர் உத்தரவிடுவதாகக் கொள்ளுங்கள். அந்த ‘எல்லோரும்’ என்பதைப் பெயர்களாக மாற்றுபவர் யார்? வாயிற்காவலர் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் எழுதி அனுப்பலாம். அல்லது ஒவ்வொரு மேற்பார்வையாளரும் தாமே தேடிக்கொள்ளலாம்.

கணிப்பொறியிலும் இவ்வழக்கு உண்டு. ‘கணக்கு*’ என்றால் அச்சொல்லில் தொடங்கும் கோப்புகள் யாவும் என்று பொருள். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸில், நம் கட்டளையை முதலில் வாங்கும் ‘ஷெல்’ வாயிற்காவலரைப் போன்றது. குறியைப் பெயர்களாக விரித்த பின்பே நிரலிடம் அனுப்பும். 1971-ஆம் ஆண்டின் முதற்பதிப்பில் ‘குளோப்’ என்னும் தனி நிரல் இதற்குத் துணை நின்றது. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் ஷெல்லே அப்பணியை ஏற்றது. 1981-இல் வெளிவந்த எம்.எஸ்.டாஸோ, குறியை அப்படியே தந்துவிட்டு, அந்தந்தக் கட்டளையே பார்த்துக்கொள்ளட்டும் என விட்டது. அதனால் அங்கே ‘டைப்’ என்னும் கட்டளைக்கு நட்சத்திரம் விளங்கவே விளங்காது! யூனிக்ஸிலோ எந்நிரலுக்கும் ஒரே பொருள். நிரல் எழுதுவோர்க்கும் வேலை மிச்சம்.

ஆயினும் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஒரு லேத் பட்டறையின் கணக்குகளை லினக்ஸ் கணிப்பொறியில் எழுதிவந்தேன். லினக்ஸும் யூனிக்ஸின் வழியைப் பின்பற்றுவதே. ஒரு நாள் மாலை ‘பழைய*’ என்பனவற்றை அழிக்க எண்ணியவன், கை தவறி இடையே ஓர் இடம் விட்டு, ‘பழைய *’ என்று தட்டிவிட்டேன். தனித்து நின்ற நட்சத்திரம் எல்லாக் கோப்புகளையும் குறித்தது. மூன்று மாதக் கூலிக் கணக்கு நொடியில் மறைந்தது. கூலிச் சீட்டுகளைத் தேடியெடுத்து, பத்து இரவுகள் விழித்து மீண்டும் எழுதினேன்.

அழிக்கும் நிரலைக் குறை கூறுவதற்கில்லை. அதன் கைக்கு வந்தவை பெயர்களே. ‘எல்லாம்’ என்று நான் சொன்னதை அது கேட்டதேயில்லை. டாஸில் ‘*.*’ என்று அழிக்கச் சொன்னால், குறியைக் கண்ட கட்டளை “உறுதிதானா?” என்று வினவும்.

அப்படியானால் டாஸின் வழியே மேலா? நான் அவ்வாறு கருதவில்லை. விரிக்கும் பொறுப்பு ஷெல்லிடமே இருக்கட்டும். குறியைக் கண்ணால் கண்டது அதுவாகையால், கேட்க வேண்டியதும் அதுவே. 1990-இல் தோன்றிய ‘இசட்-ஷெல்’ இதைத்தான் செய்கிறது: அழிக்கும் கட்டளையில் தனி நட்சத்திரத்தைக் கண்டால், விரிக்குமுன் நம்மைக் கேட்கிறது. பட்டறைக் கணிப்பொறியில் இப்போது அதுவே இருக்கிறது. இதுவரை இருமுறை என்னைக் கேட்டது. இருமுறையும் ‘வேண்டாம்’ என்றேன்.