பாட்டுக் கேட்க வயசு ஒரு தடையா?

"இந்த வயசுல இவங்களுக்குக் கச்சேரி ஒண்ணு கேக்குதா?" இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் பெரியவர்களைக் கைபிடித்து அழைத்துப் போகிறோம். பாட்டு விழா என்றால் மட்டும் அவர்களை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு நாம் கிளம்பிவிடுகிறோம். இது என்ன நியாயம்?

ஜூன் 21-ந் தேதியை இசை நாளாகக் கொண்டாடும் வழக்கம் பிரான்சில் 1982-ல் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊராயிற்றே, எங்கள் புதுச்சேரியிலும் அதைக் கொண்டாடுகிறார்கள். நோணாங்குப்பத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் டவுன். என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயசு. "நானும் வரேன்டா" என்றார்கள். "அங்க எல்லாம் சின்னப் பசங்க கூட்டம். நீ வந்து என்ன ஆயா பண்ணப் போற?" என்றான் என் பிள்ளை. அத்தை ஒன்றும் பேசவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

வயசான பெண்மணி ஒருவர் ஒரு பாட்டு விழாவையே மாற்றிய கதை இருக்கிறது. பெங்களூர் நாகரத்தினம்மாளைத்தான் சொல்கிறேன். 1878-ல் பிறந்தவர். திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தபோது, 1920-களில் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிடம் எழுப்பினார். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள்! சும்மா இருப்பாரா? பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகவே ஆராதனை நடத்தினார். 1940-ஐ ஒட்டித்தான் எல்லாக் கட்சியும் ஒன்றாயின. அப்போது அம்மாளுக்கு அறுபது தாண்டிவிட்டது. இன்றைக்கு ஆணும் பெண்ணும் கிழவரும் குழந்தையும் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுகிறோமே, அதில் அவர் பங்கு பெரிசு.

மேடைக்கு மட்டும் வயசு உண்டா என்ன? செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறைத் தாண்டியும் பாடினார். சென்னை மார்கழி சபாக்களில் மத்தியானக் கச்சேரிக்குப் போய்ப் பாருங்கள். பாடுவது இளசுகள், கேட்பதில் பாதிக்கு மேல் நரைத்த தலைகள். அவர்கள் எழுந்து போனால் நாற்காலிகள்தான் மிஞ்சும்.

"காதே சரியாகக் கேட்காதவங்களுக்குப் பாட்டு எதுக்கு?" என்பார்கள். வயசானால் முதலில் குறைவது கீச்சென்ற மேல் ஒலிகள். அதனால் நாலு பேர் பேசும்போது சொற்கள் பிடிபடாது. மிருதங்கத்தின் கும்கியும் தம்பூராவும் பெரும்பாலும் நன்றாகவே கேட்கும். பேச்சுக்கு "ஆங், என்ன?" என்கிறவர்கள் பாட்டுக்குச் சரியாகத் தாளம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். அது நம் காதுக்கும் கெடுதல்தான்.

உண்மையான தடை வேறே. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறை! அதற்குப் பயந்தே பல பெண்கள் "எனக்கு வேணாம், நீங்க போய்ட்டு வாங்க" என்கிறார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வந்தாலும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். அதனால் தலைசுற்றல், நீர்க்கடுப்பு, அடுத்த நாள் டாக்டர் வீடு. ஆகவே மருமகள்தான் முதலில் பேச்செடுக்க வேண்டும். கழிப்பறை எங்கே, மேற்கத்திய மாதிரி இருக்கிறதா, படி ஏறணுமா என்று முன்னாலேயே விசாரித்து வையுங்கள். முழங்கால் வலிக்காரர்களைத் தரையில் உட்கார வைக்க வேண்டாம், மடக்கு நாற்காலி ஒன்று கொண்டு போகலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாத்திரையோடு இரண்டு இட்லியும் கட்டிக்கொள்ளுங்கள், கான்டீன் வரிசையை நம்பாதீர்கள். மார்கழிப் பனிக்குக் காதை மூட ஒரு சால்வை.

சபாவில் ஓரத்து நாற்காலியாகப் பிடியுங்கள். எழுந்து போகணும் என்றால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிப்பதற்குள் போகச் சொல்லுங்கள். தனி ஆவர்த்தனத்தில் எழுந்தால் மிருதங்கக்காரர் முறைப்பார்!