இடம் மாறிய செயலியும் வழி தவறும் புதுப்பிப்பும்

கணினிச் செயலி என்பது திரையில் தோன்றும் சின்னம் மட்டுமன்று. அதன் முதன்மைக் கோப்பு ஓரிடத்திலும், துணைக் கோப்புகள் வேறோரிடத்திலும், நாம் செய்துவைத்த அமைப்புகள் மற்றோரிடத்திலும் தங்கியிருக்கக்கூடும். எது எங்கே உள்ளது என்னும் முகவரிக் குறிப்புகளை இயங்குதளம் காத்து வருகிறது. விண்டோஸ் இயங்குதளத்தில் இக்குறிப்புகளின் பெரும்பகுதி பதிவகம் எனப்படும் தொகுப்பில் உள்ளது. நிறுவிய இடத்திலிருந்து செயலியை நாமாகப் பெயர்த்து வேறு கோப்புறையில் வைத்துவிட்டால், அடுத்த புதுப்பிப்பு வரும்போது என்ன நேர்கிறது, தமிழில் எழுதுவோர்க்கு அது ஏன் கூடுதல் கவலைக்குரியது என்பவற்றை இங்கு விளக்குகிறோம்.

ஜார்ஜ் டவுனில் முன்பு பிட் தெரு எனப்பட்டது இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என வழங்குகிறது. பழைய பெயரைச் சொல்லிக் கேட்டாலும் பள்ளிவாசலை அடையாளமாகக் கொண்டு நாம் அங்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம். பெயர் மாறியது, இடம் மாறவில்லை. செயலியை நகர்த்தும்போது நிகழ்வது இதற்கு நேர்மாறானது. பெயர் அப்படியே இருக்கிறது, இடம் மாறிவிடுகிறது. லெபோ பாசாரில் இருந்த கடையொன்று எவருக்கும் அறிவிக்காமல் பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டால், சரக்கு பழைய வாசலிலேயே வந்து இறங்கும். அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் வழக்கம் கணினிக்குப் பெரும்பாலும் இல்லை. எழுதிவைத்த முகவரியையே அது நம்புகிறது.

இதனால் விளையும் இடர்கள் மூவகை. முதலாவது, செயலியைக் காணவில்லை என்று புதுப்பிப்பு நின்றுவிடுவது. இதுவே குறைந்த தீங்கு. பயனர் உடனே அறிந்துகொள்கிறார். இரண்டாவது, பழைய இடத்தில் புதிய படி ஒன்று நிறுவப்படுவது. அப்போது ஒரே செயலியின் இரு படிகள் கணினியில் இருக்கும். நாம் நாள்தோறும் திறப்பது, பாதுகாப்புக் குறைகள் களையப்படாத பழைய படியாக இருக்கலாம். புதுப்பித்துவிட்டோம் என்று நாம் நம்பியிருக்க, ஓட்டை அடைபடாமலே இருக்கும். மூன்றாவது, மாறிய கோப்புகள் மட்டுமே பழைய முகவரியில் போய் விழுவது. உள்ளீடற்ற கூடு போன்ற அரைகுறைச் செயலி அங்கே உருவாகும், அது திறக்காது. மாக் கணினிகளில் ஆப்பிளின் சொந்தச் செயலிகளை உரிய கோப்புறையிலிருந்து நகர்த்தியவர்கள் தொடக்கக் காலத்தில் இவ்விடரைச் சந்தித்தனர்.

2016இல் வெளியான மாக் ஓஎஸ் சியாரா மற்றொரு விதியைக் கொணர்ந்தது. இணையத்திலிருந்து இறக்கிய சில செயலிகளை உரிய கோப்புறைக்கு மாற்றாமல் இறக்கிய இடத்திலேயே திறந்தால், இயங்குதளம் அவற்றைத் தற்காலிகமான, எழுத இயலாத ஓரிடத்திலிருந்து இயக்கும். தீய நிரல்களைத் தடுப்பதே இதன் நோக்கம். ஆயினும், இருக்கும் இடத்தில் எழுத இயலாத செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளவும் இயலாது. இங்குத் தீர்வு எளிது: முதன்முறை திறப்பதற்கு முன்பே செயலியை அதற்குரிய கோப்புறைக்கு மாற்றிவிட வேண்டும்.

இனித் தமிழுக்கு வருவோம். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சல் முதல் இன்றைய திறன்பேசி விசைப்பலகைகள் வரை, தமிழ் உள்ளீட்டுக் கருவிகள் தமக்காக மட்டும் இயங்குவன அல்ல. கடிதம் எழுதும் செயலியும் மின்னஞ்சலும் உலாவியும் அவற்றின் துணையை நாடுகின்றன. ஒரு விளையாட்டுச் செயலி இடம் தவறினால் விளையாட்டு ஒன்றுதான் நிற்கும். உள்ளீட்டுக் கருவி இடம் தவறினால் எல்லாச் செயலிகளிலும் தமிழ் நின்றுவிடும். 2010இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2, செயலிகளை நினைவக அட்டையில் வைக்க வழிசெய்தது. ஆனால் விசைப்பலகைச் செயலிகளை அட்டையில் வைக்க வேண்டா என்று அதன் வழிகாட்டி அறிவுறுத்தியது. அட்டை துண்டிக்கப்பட்டால் இயல்பான விசைப்பலகை அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். அட்டை மீண்டும் இணைந்தாலும், பயனரே அமைப்புகளுக்குச் சென்று தம் விசைப்பலகையை மறுபடி இயக்க வேண்டும். இதை அறியாதவர், கருவியில் தமிழ் வராது என்று முடிவுகட்டி உரோமன் எழுத்தில் தமிழை எழுதத் தலைப்படுவார். சங்கக் கூட்டக் குறிப்பும் பள்ளி அறிவிப்பும் தமிழெழுத்தை இழப்பது இத்தகைய சிறு காரணங்களாலும் நிகழலாம்.

முகவரி மாறாமையின் அருமையை எழுத்துகளின் வரலாறும் உணர்த்துகிறது. 1996இல் வெளியான யூனிகோடு 2.0, கொரிய ஹங்குல் எழுத்துகளை முன்பிருந்த குறியிடங்களிலிருந்து புதிய இடத்துக்கு மாற்றியது. பழைய இடங்களை நம்பிய மென்பொருள்களும் கோப்புகளும் பொருந்தாமற் போயின. அதன்பின், ஒருமுறை இடம் பெற்ற எழுத்தை நகர்த்துவதோ நீக்குவதோ இல்லை என்பது யூனிகோடின் உறுதிமொழியாயிற்று. நம் ககரம் 0பி95 என்னும் குறியிடத்தில் நிலைத்திருப்பதும் அவ்வுறுதியின் காப்பினால்தான்.

ஆகவே நாம் கடைப்பிடிக்க வேண்டியவை சில. வட்டில் இடம் போதாவிடில் முதலில் ஆவணங்களையும் படங்களையும் நகர்த்துக, செயலிகளை விட்டுவிடுக. செயலியையே மாற்ற வேண்டுமாயின், இயங்குதளமே தரும் நகர்த்தும் வசதியைப் பயன்படுத்துக. அது இல்லையெனில், அமைப்புகளையும் பயனர் சொற்பட்டியலையும் படியெடுத்துக்கொண்டு, செயலியை முறையாக நீக்கிப் புதிய இடத்தில் மீண்டும் நிறுவுக. முன்பே நகர்த்திவிட்டிருந்தால், பழைய பெயருடன் பழைய இடத்தில் வைத்த பின்னரே புதுப்பிக்கத் தொடங்குக. முடிந்ததும் செயலியைத் திறந்து அதன் பதிப்பெண்ணைச் சரிபார்க்க. புதுப்பிப்பு முடிந்தது என்னும் அறிவிப்பைக் காட்டிலும் அவ்வெண்ணே நம்பத்தக்க சான்று.