பழைய கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புது கூலரா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க

செகண்ட் ஹேண்ட்ல 12,000 ரூபாய்க்கு கார்டு வாங்கியாச்சு. கேம் போட்டா 90 டிகிரி தொடுது, ஃபேன் அலறுது. உடனே 6,000 ரூபாய் கூலரைத் தேடாதீங்க. செலவு குறைஞ்சதுல இருந்து ஆரம்பிங்க.

1. தெர்மல் பேஸ்ட், பேட்: சில நூறு ரூபாய்தான். பல நேரம் பேஸ்ட் காய்ஞ்சுபோனதுதான் காரணம். பேட் பழைய தடிமன்லயே இருக்கணும். 1 மி.மீ. இடத்துல 2 மி.மீ. வச்சா ஹீட்சிங்க் சிப் மேல சரியா உட்காராது.

2. ஃபேன்: ஆட்டம், சத்தம் மட்டும்னா அதே மாடல் ஃபேன் மாத்தினா போதும்.

3. முழு கூலர்: ஹீட்சிங்க்கே பழுதானா மட்டும். திருகுத் துளை இடைவெளி, கார்டின் வாட் (ஆர்எக்ஸ் 580-க்கு 185), கேஸ்ல இடம் மூணும் பொருந்தணும்.

இப்போ கணக்கு. கொடுத்த 12,000 போனது போனதுதான். அதை வச்சு முடிவெடுக்காதீங்க. இன்னைக்கு அப்படியே வித்தா 7,000 கிடைக்கும்னு வைங்க. 6,000-க்கு கூலர் போட்டா, இந்தக் கார்டை வச்சுக்கிறதுக்கு நீங்க கொடுக்கிற உண்மையான விலை 13,000. அதே 13,000-க்கு பில், வாரண்டியோட நல்ல கார்டு கிடைச்சா, பழசை வித்துட்டு அதை வாங்குறதுதான் புத்திசாலித்தனம். ஏன்னா, கூலர் மாத்தினதுக்காக ரீசேல்ல யாரும் 6,000 கூட்டித் தர மாட்டாங்க.