காலிங்குலா: ஆங்கிலத்துக்குப் போன கலுங்கு

சென்னை மாகாணத்து அரசாங்கக் காகிதங்களில் பிறந்து, அங்கேயே வழக்கொழிந்துபோன ஆங்கிலச் சொல் காலிங்குலா. கண்மாய் நிறைந்தபின் மிஞ்சும் தண்ணீர் கரையை உடைத்துவிடாமல் வெளியேற, கரையின் ஓரத்தில் கல்லால் கட்டிய வழிக்கு அந்தப் பெயர். மூலம் தமிழின் கலிங்கல். வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி வட்டாரத்தில் அதுவே கலுங்கு. அதில் தண்ணீர் வழிந்தால் கண்மாய் மறுகால் பாய்கிறது என்பார்கள். செங்கல்பட்டுப் பக்கத்தில் இதையே ஏரி கோடி போகிறது என்பார்கள்.

ஆறுகளின் குறுக்கே கட்டும் தடுப்புக்கு வெயர் என்ற சொல் ஆங்கிலத்தில் இருக்கத்தான் செய்தது. ஆனால் கலுங்கு வெறும் தடுப்புச் சுவர் மட்டுமல்ல. அந்தச் சுவரின் தலைமேல் இடைவெளி விட்டு வரிசையாகக் கருங்கல் தூண்களை ஊன்றியிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இடைவெளிகள் திறந்தே கிடக்கும். வெள்ளம் தாராளமாக வெளியேறும். மழை ஓயும் தறுவாயில் பலகை செருகியோ, புல்லும் மண்ணும் வைத்தோ அடைத்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். அரையடிதான் கூடியது என்றாலும், பரந்து கிடக்கும் கண்மாயில் அது கடைசி ஒரு தண்ணிக்கு ஆகும். பால்பிடிக்கும் சமயத்தில் அந்த ஒரு தண்ணி கிடைக்காத நெல் பதராகிவிடும்.

தகராறும் அங்கேதான் தொடங்கும். குண்டாறும் கிருதுமால் நதியும் மழைக்கு மட்டும் ஓடும் இந்த வறண்ட சீமையில், ஒரு கண்மாயின் மறுகால் தண்ணீரே அடுத்த கண்மாய்க்கு வரத்து. மேல் ஊரார் கலுங்கை உயர்த்தி அடைத்தால் கீழ் ஊர்க் கண்மாய் காயும்; நீர்ப்பிடிப்பை ஒட்டிய புஞ்சைகளும் முங்கும். அடைக்காமல் விட்டால் சொந்தப் பாசன நிலமான ஆயக்கட்டே நட்டப்படும். இப்படிப்பட்ட வழக்குகளின் வழியாகத்தான் பொறியாளர்களின் சொல்லான காலிங்குலா நீதிபதிகளின் தீர்ப்புகளுக்குள்ளும் புகுந்தது.

ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான 'ஹாப்சன்-ஜாப்சன்' இதைப் பதிவு செய்திருக்கிறது. தென்னிந்தியப் பாசன அறிக்கைகளில் மிகுதியாக வழங்கும் சொல் என்று குறிப்பிட்டுவிட்டு, பொருள் தரும்போது மதகையும் வடிகாலையும் ஒன்றாகப் போட்டுவிட்டது. கண்மாய்க்காரர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். வயலுக்குத் தண்ணீர் விடுவது மடை, மிஞ்சியதை வெளியே விடுவது கலுங்கு. யூல் பொறியாளர்தான், ஆனால் அவர் வேலை பார்த்தது வடஇந்தியக் கால்வாய்களில். இந்தச் சறுக்கலுக்கு அது காரணமாக இருக்கலாம்.

1883-இல் சென்னை அரசு குளங்களைச் சீரமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்காக ஒவ்வொரு குளத்துக்கும் 'மெமாயர்' என்ற தனிக் குறிப்பேடு எழுதப்பட்டது. கரை, மடை, ஆயக்கட்டு ஆகியவற்றோடு காலிங்குலாவின் அளவும் அதில் இடம்பெற்றது. அளவு என்பது சும்மா வந்ததல்ல. எவ்வளவு வெள்ளம் வரும் என்று தெரிந்தால்தான் கலுங்கின் நீளத்தைத் தீர்மானிக்க முடியும். நீர்ப்பிடிப்புப் பரப்பிலிருந்து வெள்ள அளவைக் கணக்கிட ரைவ்ஸ் என்பவர் 1884-இல் தந்த சூத்திரம் தென்னிந்தியாவுக்கென்றே உருவானது. பொறியியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். கலுங்கின் நீளம் குறைந்துபோனால் வெள்ளம் கரைமேல் ஏறும். மண்கரை அதற்குத் தாங்காது. ஆனால் ராமநாதபுரம் சீமையின் பெரும்பகுதி ஜமீன் வசம் இருந்ததால், இங்குள்ள கண்மாய்கள் பலவும் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அரசின் பொறுப்புக்கு வந்தன. 'எக்ஸ்-ஜமீன் கண்மாய்' என்ற பெயர் அலுவலகங்களில் அதன்பின் நிலைத்தது.

கலுங்கோடு சேர்ந்து ஆங்கிலத்துக்குப் போன அணைக்கட்டும் ஆயக்கட்டும் 'அனிகட்', 'அயகட்' என்று இந்திய ஆங்கிலத்தில் இன்றும் புழங்குகின்றன. ஊரார் சேர்ந்து நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து 2017-இல் அரசுத் திட்டமாகவே மறுபடி வந்தது. காலிங்குலாவுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. அதன் இடத்தை 'சர்ப்ளஸ் வெயர்' பிடித்துக்கொண்டது. பொறியாளர்கள் பேச்சில் அது சுருங்கி வெயர் ஆகிவிட்டது. ஆனாலும் கண்மாய் உரிமைக்காகப் பழைய மெமாயரையோ தீர்ப்பையோ புரட்டுகிறவர்கள் அந்தச் சொல்லைச் சந்தித்தே ஆக வேண்டும். 'காலிங்குலா மட்டம்' என்று அதில் இருந்தால், மடையின் மட்டத்தோடு குழப்பாமல் கலுங்கு மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கலுங்கை அடைக்காத நிலையில் கண்மாயில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் தேக்கலாம் என்ற வரம்பு அதுதான்.