அறுவைக்கு முன் உடலுரம்

சுரங்கத்தில் மேலும் வெட்டிச் செல்லுமுன் கூரைக்குத் தாங்கல் கொடுக்க வேண்டும் என்பதைக் கோலார் தங்கவயல் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1880-களில் தொடங்கி 2001-இல் மூடப்பெறும் வரை, மூவாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழ்ந்து சென்ற அச்சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் அவர்கள். அன்று இளைஞராய் இறங்கியோர் பலர் இன்று முதியோர். அவர்களுள் இடுப்பு மூட்டுத் தேய்ந்து அறுவைக்குக் காத்திருப்போருக்கும் அந்தப் பழைய பாடமே பொருந்தும்.

தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணத்தில் சுழல்வதால்தான் நாம் நடக்கிறோம். தேய்ந்த தலையையும் கிண்ணத்தையும் அகற்றிச் செயற்கை மூட்டைப் பொருத்துவதே இவ்வறுவை. 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர் உலோகத் தலையையும் உறுதியான பிளாஸ்டிக் கிண்ணத்தையும் இணைத்து இதற்கு நல்வழி கண்டார்.

ஆனால் மருத்துவர் மாற்றுவது மூட்டை மட்டுமே. அதை இயக்கும் தசையை அன்று. நோவுக்கு அஞ்சி நடையைக் குறைத்தால் தொடையும் பிட்டமும் மெலிகின்றன. மெலிந்த தசையோடு அறுவைக்குச் செல்பவர் எழுந்து நடமாட நாளாகும். ஆதலின் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே, மருத்துவரின் இசைவு பெற்றுப் பயிற்சியைத் தொடங்குதல் நன்று.

மல்லாந்து படுத்துக் காலை நீட்டி, முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையில் அழுத்தி, ஐந்து எண்ணும் வரை நிறுத்துக. பிட்டத் தசைகளையும் அவ்வாறே இறுக்கித் தளர்த்துக. பத்துப் பத்து முறையாக நாள்தோறும் இரு வேளை போதும். கைப்பிடியுள்ள நாற்காலியில் கைகளை ஊன்றி எழுந்து அமர்வது, பின்னர் ஊன்றுகோல் பிடிக்கும் கைகளுக்கு உரமூட்டும். நடக்கையில் கோலை நோவில்லாத பக்கத்துக் கையில் பிடித்தல் வேண்டும். நோவு மிகுந்து மறுநாளும் தணியாவிடில், பயிற்சியைக் குறைத்து மருத்துவரைக் கேட்க வேண்டும்.

சுரங்கத்தில் பணிபுரிந்தோர் மற்றொன்றையும் மறத்தலாகாது. பாறைத் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோய் நுரையீரலைத் தாக்கும். மூச்சுத் திணறல் இல்லாவிடினும், சுரங்கத்தில் எத்தனை ஆண்டு பணிபுரிந்தீர்கள் என்பதை மயக்கமருந்து கொடுக்கும் மருத்துவரிடம் கூறுங்கள். பீடியை அறுவைக்கு நான்கு வாரங்களுக்கு முன்னரேனும் விட்டொழியுங்கள். சர்க்கரை நோய், இரத்தசோகை, சொத்தைப்பல், ஆறாத புண் ஆகியவற்றையும் முன்பே கவனித்துச் சீர்செய்ய வேண்டும். கிருமி பரவினால் புதிய மூட்டே கெடக்கூடும்.

வீட்டையும் ஆயத்தம் செய்க. அறுவைக்குப்பின் தரையில் குந்துதல் ஆகாது. உயரமான நாற்காலியும், உட்கார்ந்து பயன்படுத்தும் கழிப்பிருக்கையும் தேவை. குடியிருப்பு வரிசைகளின் சிறு வீடுகளில் இதற்கு இடங்காண்பது எளிதன்று. எனவே குடும்பத்தார் முன்கூட்டியே ஆலோசித்து ஏற்பாடு செய்தல் வேண்டும்.

அறுவை ஒரு நாட்பொழுதில் முடிந்துவிடும். மீண்டும் எழுந்து நடப்பதற்கான வலிமையை நாம்தான் அதற்கு முன்பே சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.